நூற்றேழு விநாடிக் குற்றம்

விபத்து நடந்த நான்காம் நாள் காலை, போடிநாயக்கனூரில் ஒரு கல்யாண மண்டபத்து மணமேடையில் காரணமானியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். விசாரணைக்கு அவ்வளவு பெரிய இடம் ஊரில் வேறு கிடைக்கவில்லை. முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரங்கள் வாசலில் இன்னும் வாடாமல் நின்றன. இயந்திரம் ஓட்டல்களில் மாவரைக்கும் கிரைண்டர் அளவுதான் இருக்கும். மனிதர்களையும் ஏறக்குறைய அதே பதத்தில்தான் அரைக்கும் என்று காரண ஆய்வாளர் சோலைமலை சொல்வதுண்டு. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். வேறு யாரும் சிரிக்காதபோது ஒருவராவது சிரிக்க வேண்டும் அல்லவா.

எந்தத் தீங்கைச் சொன்னாலும் அதற்கு யார் யார் எத்தனை சதவீதம் காரணம் என்று காரணமானி பங்குச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். இன்னார் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் உலகம் எப்படிப் போயிருக்கும் என்று தனக்குள்ளே லட்சம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறக்கும். இயந்திரம் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. சட்டப் புத்தகத்திலிருந்து 'தற்செயல்' போய்விட்டது. வீடுகளிலிருந்து 'தலையெழுத்து' போய்விட்டது. டிபன் டப்பா அளவில் வீட்டுக் காரணமானிகள் கல்யாணப் பரிசாகவே வந்துகொண்டிருந்தன. பால் பொங்கி வழிந்தால் மனைவி முப்பத்தெட்டு, கணவன் நாற்பத்தொன்று, அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்த கூரியர்காரர் இருபத்தொன்று. சண்டைகள் குறைந்துவிட்டன. பேச்சும் குறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் ஏறக்குறைய நின்றே போயிற்று. சீட்டு வந்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மழைக்கும் மலைக்கும் சீட்டில் இடம் கிடையாது. சட்டத்தின் பார்வையில் அவை ஆள் இல்லை. அவற்றின் பங்கையும் இயந்திரம் மனிதர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடும். ரயிலை ஓட்டும் நிறுவனத்துக்கும் இடம் கிடையாது. தானும் மழையைப் போல ஆள் இல்லை என்பது அதன் வாதம். வாதம் வென்றுவிட்டது.

அன்று மணமேடைக்குக் கீழே, முதல் வரிசை நாற்காலியில், இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பெயர் ஒச்சப்பன். அறுபத்தாறு வயது. முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே மகள் பவளம் கொச்சியில் வேலை பார்க்கிறாள். காட்டுச் சட்டம் வந்த பிறகு மலைச்சாலையில் வண்டி போவதில்லை. மலையைக் குடைந்து போகும் அதிவிரைவு ரயில் ஒன்றுதான் வழி. பங்கு ஐம்பதுக்கு மேல் வந்தால் அந்த ஆள் முதற்காரணர். முதற்காரணருக்கு ஆயுள் முழுக்கப் பொதுவாகன விலக்கு. பேருந்து, ரயில் எதிலும் கால் வைக்கக் கூடாது. அதாவது, ஒச்சப்பன் இனி மகள் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டுமானால் புலிகளிடம் வழி கேட்டுக்கொண்டு நடந்துதான் போக வேண்டும்.

நடந்தது இதுதான். லீவு முடிந்து மகள் கிளம்பினாள். அவளை ஏற்றிவிட ஒச்சப்பன் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளோடு போடி நிலையத்துக்கு வந்தார். அந்த ரயில் அங்கே நாற்பது விநாடி நிற்கும். நிற்கும் என்பதைவிட, மூச்சு வாங்கும் என்று சொல்லலாம். ஏற்றிவிட வந்தவர்கள் நடைமேடையிலேயே நின்று கையசைக்க வேண்டும் என்று எட்டு மொழிகளில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒச்சப்பன் அதைப் படித்தார். படித்துவிட்டுத் தலையணைகளோடு உள்ளே ஏறினார். நம் ஊரில் ஏற்றிவிட வந்தவர் ஏறாமல் எப்படி ஏற்றிவிடுவார்?

மூன்றாம் பெட்டி. தலையணையை மேலே செருகினார். மகள் இறங்கச் சொன்னாள். இறங்குவதற்கு முன்னால் எதிர் இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. சொன்னார். அவர் சரியாகத் தலையாட்டினாரா என்று சந்தேகம் வந்தது, அதனால் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொன்னார். அவர் கொச்சிக்கு முன்னாலேயே இறங்குகிறவர் என்று தெரிந்ததும் அதற்கடுத்தவரிடம் சொன்னார். இப்படி எட்டுப் பேர். எட்டுப் பேரிடமும் ஒரே வாசகம்: "பிள்ள தனியா போகுது, கொஞ்சம் பாத்துக்கங்க."

பிள்ளைக்கு வயது முப்பத்தாறு. துறைமுகத்தில் நாற்பது டன் சரக்குப்பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் கிரேனை ஓட்டுபவள்.

அந்த ரயிலில் பெட்டியின் தளமே ஒரு தராசு. ஏறியவர்களின் எடையும் பயணச்சீட்டுகளில் பதிந்திருக்கும் எடையும் ஒத்துப்போகாவிட்டால் கதவு மூடாது. அனுமதியில்லாத ஐம்பத்தொன்பது கிலோ உள்ளே இருப்பதாகவும் தயவுசெய்து இறங்கும்படியும் ஒலிபெருக்கி சொன்னது. ஏதோ மூட்டையைச் சொல்கிறார்கள் என்று ஒச்சப்பன் நினைத்துக்கொண்டார். பழைய கண்டக்டர் ரத்தம் சும்மா இருக்குமா? "யாருப்பா அது, அம்பத்தொம்போது கிலோவ விட்டுட்டுப் போனது?" என்று கேட்டபடி இருக்கைகளுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார். அந்த ஐம்பத்தொன்பது கிலோ அவர்தான் என்று மகள் புரியவைத்து இறக்கிவிட்டபோது, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த ரயில் தாமதமாகியிருந்தது. நூற்றேழு விநாடி.

நேரத்துக்குப் போயிருந்தால், அந்த இடத்தை ரயில் கடந்து போன பிறகு மலை சரிந்திருக்கும். நூற்றேழு விநாடி பிந்தியதால், சுரங்கத்தை விட்டு வெளியே வந்த ரயிலின் முன்னால் சரிந்தது. மலைச்சரிவில் புதைத்து வைத்திருந்த மண்செவிகள், மண் அசையும் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டியவை, கடைசி நொடியில்தான் கத்தின. ரயில் தன்னால் முடிந்தவரை பிரேக் போட்டது. முந்நூறில் வந்தது எழுபதுக்குக் குறைந்து, சேற்றுக் குவியலில் மூக்கை நுழைத்தது. முதல் நான்கு பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கி மலைச்சுவரில் சாய்ந்து நின்றன. உயிர்ச்சேதம் இல்லை. முப்பத்தொரு பேருக்கு எலும்பு முறிவு.

சீட்டு வருவதற்கு முன் சோலைமலை வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்: ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? கேட்டவுடன் அனைவரும் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டுவார்கள். ஒச்சப்பன் எழுந்து நின்றார்.

"எம்மேலதான் தப்பு இருக்குங்கய்யா. மூணு நாளா ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். முப்பத்தொரு பேரையும் பாத்துட்டேன். ஒரு பெரியவரு மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நேத்து அவரும் கஞ்சி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

சோலைமலை அதை முழுசாக எழுதிக்கொண்டார், கஞ்சி உட்பட. பிறகு பொத்தானை அழுத்தினார். இயந்திரம் சற்று முனகிச் சீட்டைத் துப்பியது. மண்செவிகளைப் பராமரித்தவர் பத்தொன்பது. மலையை அந்தக் கோணத்தில் வெட்டியவர் பன்னிரண்டு. நடைமேடை அலுவலர் பதினொன்று. ஒச்சப்பன் ஐம்பத்தெட்டு.

பவளம் அப்பாவைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தாள். ஒச்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொச்சிக்கு நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக விசாரித்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, தான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். உத்தமபாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜமீலா பேகம், மூன்றாம் பெட்டி, முப்பத்தொன்றாம் இருக்கை. ஒச்சப்பன் சொல்லிவைத்த எட்டுப் பேரில் ஒருவர்.

"பிள்ளயப் பாத்துக்கங்கன்னாரு," என்று ஆரம்பித்தார் ஜமீலா. "நானும் சின்னப் பிள்ளையாக்கும்னு சீட்டுக்குக் கீழ எல்லாம் பாக்குறேன். பாத்தா, நம்மள ஒத்தக் கையில தூக்கி வச்சிருவா போல ஒருத்தி உக்காந்திருக்கா."

மண்டபம் சிரித்தது. பவளம் முதல் தடவையாக விட்டத்திலிருந்து கண்ணை இறக்கினாள்.

மீதியை ஜமீலா விவரமாகச் சொன்னார். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பவளம் கழிப்பறைக்கு எழுந்திருக்கிறாள். அவளோடு இன்னும் ஐந்து பேர் எழுந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்று, அப்புறம் உங்களிடமும் சொன்னாரா, உங்களிடமும் சொன்னாரா என்று கேட்டு, எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அந்த ரயிலில் யாரும் யாரோடும் பேசுவது கிடையாது. எல்லார் காதிலும் ஏதாவது ஒன்று இருக்கும். அன்றைக்கு அந்தப் பெட்டி மட்டும் சந்தை மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டு நிமிடத்துக்குள் யாருக்கு நெஞ்சில் கருவி வைத்திருக்கிறது, யார் மடியில் இரட்டைக் குழந்தைகள், யார் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

அப்புறம்தான் பிரேக். அப்புறம்தான் அந்தச் சத்தம். பெட்டி சாய்ந்து நின்றதும் ஒலிபெருக்கி, எல்லாரும் இருக்கையிலேயே இருங்கள், உதவி வருகிறது என்று இனிமையாகச் சொன்னது. பவளம் கேட்கவில்லை. பாரத்தோடு பிழைக்கிறவளுக்குப் பாரம் எப்போது விழும் என்று ஒரு மூக்கு இருக்கும். மலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவசரக் கதவைத் திறந்து குதித்தாள்.

"நாங்க என்ன செய்யட்டும்? பாத்துக்கங்கன்னு சொல்லியிருக்காரே, தனியா விட்டுற முடியுமா? எட்டுப் பேரும் இறங்கிட்டோம். எட்டுப் பேரு இறங்கவும் மத்தவங்களும் இறங்குனாங்க. கால் இல்லாதவரு எங்க, ரெட்டப் பிள்ளக்காரி எங்கன்னு தேடவே வேண்டியதில்ல. யாரு எங்க இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும். எழுபத்துநாலு பேரு, நாலு நிமிஷம்."

அதற்கு மேல் ஜமீலா சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் இரண்டாவது சரிவு வந்து மூன்றாம் பெட்டியை மட்டும் கூரை வரை மூடிய படத்தை நாடே பார்த்திருந்தது.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். உருக்கமான சாட்சிதான், ஆனால் காரணமானி தீங்குகளுக்கு மட்டுமே உரியது, நடக்காத சாவுகளை அது விசாரிக்க முடியாது என்றார். அவர் சொன்னது உண்மை. பதினான்கு வருடத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு யார் காரணம் என்று எவரும் அந்த இயந்திரத்தைக் கேட்டதே இல்லை. கேட்க இடமும் இல்லை. அதன் முகப்பில் நிரப்புவதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. 'நிகழ்ந்த தீங்கு' என்று தலைப்பு.

சோலைமலை அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தான் துணிச்சல்காரர் இல்லை என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். வீட்டில் கரப்பான்பூச்சிக்கே குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஆனால் படிவத்தைத் தப்பாக நிரப்புவதற்குத் துணிச்சல் தேவையில்லை, அரசு ஊழியராக இருந்தால் போதும் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். 'நிகழ்ந்த தீங்கு: மூன்றாம் பெட்டியில் எழுபத்துநான்கு பேர் சாகாமல் போனது' என்று தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

இயந்திரம் அன்றைக்குப் போல ஒருநாளும் முனகியதில்லை. வக்கீல் தண்ணீர் குடித்தார். ஒருவழியாகச் சீட்டு வந்தது. பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்ட எட்டுப் பேருக்கும் சேர்த்து இருபத்திரண்டு. பவளம் பதினேழு. ஒச்சப்பன் அறுபத்தொன்று.

இப்போது சட்டச் சிக்கல். ஒரே நிகழ்வில் ஒருவர் இரண்டு தடவை முதற்காரணர் ஆக முடியாது, பெரிய எண்தான் நிற்கும் என்று விதி இருக்கிறது. சின்ன எண்களைத் தள்ளிவிட வசதியாக நிறுவனங்கள் கேட்டு வாங்கிய விதி அது. ஆகவே ஐம்பத்தெட்டு விழுந்தது, அறுபத்தொன்று நின்றது. ஒச்சப்பன் இப்போது சட்டப்படி எழுபத்துநான்கு பேரைச் சாகவிடாமல் செய்த குற்றவாளி. தண்டனை அதேதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவராவது புகார் கொடுக்காமல் தண்டிக்க முடியாது.

சோலைமலை நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார். உயிரோடு இருப்பதால் உங்களுக்கு ஏற்பட்டுள்ள பாதிப்பு குறித்துப் புகார் ஏதும் உண்டா? முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எழுபத்துமூன்று தடவை கேட்டார். செயற்கைக் கால்காரர் புகார் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் ஒச்சப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். இரட்டைக் குழந்தைகளின் தாய் குழந்தைகள் சார்பிலும் இல்லை என்றாள். கொழுந்தியாள் வீட்டுச் சடங்குக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்ட ஒருவர் மட்டும் சற்று யோசித்தார். பக்கத்தில் மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

கடைசியாகப் பவளம் வந்தாள்.

"ஒரு புகாரு இருக்கு சார். பஸ்ஸு, ரயிலு, எதுலயும் என்னய நிம்மதியா ஏத்திவிட மாட்டாரு. ஆனா அது முப்பத்தாறு வருசப் புகாரு. இந்தக் கேஸுல வராது," என்றவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லன்னு எழுதிக்கங்க."

ஒச்சப்பன் அழுதார். ஜமீலா தன் கைப்பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்தார். அன்று மதியம் மண்டபத்துச் சமையல்காரர்களே சொல்லாமல் கொள்ளாமல் எல்லாருக்கும் இலை போட்டார்கள். வக்கீலும் சாப்பிட்டார். இரண்டாம் தடவை பாயசம் கேட்டார் என்பதை நாம் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிற்கவில்லை. ஒரு வாரத்தில் நாடு முழுக்க அந்தக் கட்டத்தில் மக்கள் தட்ட ஆரம்பித்தார்கள். 'நிகழ்ந்த தீங்கு: எனக்கு வேலை கிடைத்தது.' 'நிகழ்ந்த தீங்கு: என் மகள் பிழைத்தது.' இயந்திரமும் முகம் கோணாமல் சீட்டு அடித்தது. காம்பவுண்டுச் சுவர் விரிசலுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டிருந்த ஒருவர், வெள்ளத்தன்று தன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த ஆளுக்கு முப்பத்தெட்டு சதவீதம் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கோர்ட்டு வாசலிலிருந்தே திரும்பிப் போனார். மேலதிகாரிகளைத் திட்டுவதற்காகச் சீட்டு எடுக்கப் போனவர்கள், தங்களுக்கு வேலை கிடைத்ததில் அதே அதிகாரிகளின் பங்கைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆளுக்கொரு கட்டுச் சீட்டோடு வந்தார்கள். குற்றம் சாட்டியவர்கள் வராமலே இருந்துவிட்டார்கள்.

நாற்பதே நாளில் காரணத்துறையில் வேலை இல்லை. ஈ ஓட்டலாம் என்றால் ஈக்கும் அங்கே வேலை இல்லை. நிறுவனங்கள் பதறின. குற்றத்தைப் பிரித்துக் கொடுக்க ஆட்கள் குறைந்தால் மிச்சம் தங்கள் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா? இயந்திரத்தைத் திருத்தினார்கள். அங்கீகரிக்கப்பட்ட தீங்குகளின் பட்டியல் ஒன்றைப் போட்டார்கள். அதில் இல்லாததைத் தட்டினால் கட்டம் சிவந்து மூடிக்கொள்ளும். மண்டபத்தில் முதன்முதலாகப் படிவத்தைத் தப்பாக நிரப்பியவரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினமாக இல்லை. அவர் கையெழுத்தும் போட்டிருந்தார்.

சோலைமலையை வேலையை விட்டு நீக்கிய உத்தரவோடு பங்குச் சீட்டும் இணைத்திருந்தார்கள். அது விதி. அவர் வேலை போனதற்கு யார் யார் காரணம் என்ற கேள்விக்கு இயந்திரம் ஒரே ஒரு பெயரை அடித்திருந்தது. சோலைமலை, நூறு.

துறையில் முப்பது லட்சம் சீட்டுகள் அச்சாகியிருக்கின்றன. ஒரு தனி ஆளுக்கு முழு நூறு வந்தது அதுதான் முதல் தடவை. உடன் வேலை பார்த்தவர்கள் வந்து வாழ்த்துச் சொல்வதா அனுதாபம் சொல்வதா என்று தெரியாமல் கையை மட்டும் பிடித்துக் குலுக்கினார்கள். படிக்கிற காலத்தில் அம்மா எத்தனை கோயிலுக்கு வேண்டிக்கொண்டும் வராத மார்க்கு என்று சோலைமலை சொன்னார். இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள்.

வெளியே வந்தவருக்குத் தன் மேல் கோபம் வரவில்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது. அந்த மண்டபத்து மதியச் சாப்பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு குளிர்ந்தது. இப்படி ஒரு காரியத்தைச் செய்யும் ஆளாகத் தன்னை ஆக்கியது யார் யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நீக்க உத்தரவைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் பெயர்களை எழுத ஆரம்பித்தார். சதவீதம் போடவில்லை. பிறந்த நாளிலிருந்து தொடங்கினார். பிரசவம் பார்த்த நர்சு, பெயர் தெரியாது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர், பெயர் தெரியாது. அம்மாவுக்குப் பால் சுரக்காத நான்கு நாளும் தன் குழந்தையோடு சேர்த்து இவருக்கும் பால் கொடுத்த பக்கத்துக் கட்டில் பெண், ஊர் மட்டும் தெரியும், சின்னமனூர். தெரியாத பெயர்களுக்கு இடம் விட்டு எழுதிக்கொண்டே போனார்.

மதியச் சாப்பாட்டு நேரம் ஆனபோது அவருக்கு மூன்று வயதுதான் ஆகியிருந்தது. தாள் தீர்ந்துவிட்டது. அவர் நிமிர்ந்து, பஜ்ஜி மடிக்கும் தாளில் நாலைந்து கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டார். வாங்கும்போது, பதினொரு வருடமாகத் தினமும் தனக்கு டீ ஆற்றித் தரும் அந்த மனிதரின் பெயரையும் கேட்டார்.